ரெட் பிளஸ் பேச்சுவார்த்தைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: பேட்ஜ் முதல் வரைவு வரை

வளரும் நாடுகளில் காடு அழிவதாலும் சிதைவதாலும் வெளியாகும் கார்பனை எப்படிக் குறைப்பது, அதற்கு யார் பணம் தருவது என்று ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் நாடுகள் பேசிவரும் விஷயத்துக்கு ரெட் பிளஸ் என்று பெயர். இதை நேரில் பின்தொடர விரும்பும் தொண்டு நிறுவன ஊழியர்கள், ஆய்வு மாணவர்கள், காட்டுரிமைக்காக வேலை செய்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். போவது எப்படி என்று கேட்டால்தான் சொல்ல ஆள் இல்லை. தகவல் முழுக்க ஐ.நா. காலநிலைச் செயலகத்தின் தளத்திலேயே கிடக்கிறது. எதை முதலில் செய்வது, எது தவறினால் பயணமே நின்றுபோகும் என்பது மட்டும் அங்கே இருக்காது. முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து, இந்தியப் பாஸ்போர்ட்டில், அரசுப் பிரதிநிதியாக அல்லாமல் பார்வையாளராகப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதியது இது. இலங்கை நண்பர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மலேசியப் பாஸ்போர்ட் என்றால், ஜூன் கூட்டம் நடக்கும் ஜெர்மனிக்குக் குறுகியகால விசாவே வேண்டாம், விசா பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம்.

1. நிகழ்ச்சி நிரலில் "ரெட் பிளஸ்" என்று தேடாதீர்கள்

முதல் பொறி இதுதான், பெரிய பொறியும் இதுதான். ரெட் பிளஸ் விதிகள் எழுதி முடிந்துவிட்டன. 2013-இல் வார்சாவில் ஏழு தீர்மானங்கள், 2015-இல் பாரிஸில் மிச்சமிருந்த மூன்று. அதோடு கடை கட்டியாயிற்று. இன்றைக்கு நிகழ்ச்சி நிரலைத் திறந்து அந்தப் பெயரில் ஒரு வரியைத் தேடினால் ஏமாற்றம்தான். இது தெரியாமல் வருகிறவர்கள், பேச்சுவார்த்தைக்கு வெளியே அமைப்புகள் நடத்தும் பக்க நிகழ்ச்சிகளிலேயே உட்கார்ந்து, காணொளி பார்த்து, சாண்ட்விச் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்க நிகழ்ச்சியில் பேசுவார்கள். பேரம் வேறு அறைகளில் நடக்கும்.

அந்த அறைகள் எவை? கார்பன் சந்தை பற்றிய வாதம் பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவுக்குப் போய்விட்டது. காட்டைக் காத்ததால் குறைந்த கார்பனின் டன் கணக்கை இன்னொரு நாட்டுக்கு விற்கலாமா, காடு பின்னால் எரிந்துபோனால் விற்ற டன்னுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் 6.2, 6.4 என்ற எண்களுக்குக் கீழே வரும். நேரடிப் பணம் பற்றிய வாதம், வளரும் நாடுகளுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியத்துக்கு நாடுகள் தரும் வழிகாட்டல் என்ற தலைப்பில் வரும். "2030-க்குள் காடழிப்பை நிறுத்தித் திருப்புவது" என்ற இலக்கு 2023 துபாய் மாநாட்டின் உலகளாவிய மதிப்பாய்வு (பாரிஸ் ஒப்பந்தம் எவ்வளவு நிறைவேறியது என்று பார்ப்பது) தீர்மானத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடர்வது பற்றிய இழுபறி மதிப்பாய்வு அறையிலும் தணிப்புப் பணித்திட்ட (கார்பன் வெளியேற்றத்தைக் குறைப்பது பற்றிய) அறையிலும் நடக்கும். பிரேசில் 2025-இல் பெலெமில் தொடங்கிய வெப்பமண்டலக் காடுகள் நிதியம் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் ஏற்பாடு, அதை எந்த அறையிலும் தேட வேண்டாம்.

இந்த அறைகள் ஒரே நேரத்தில் நடக்கும். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆகவே டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். "காட்டில் வாழும் மக்களுக்கான பாதுகாப்பு விதிகள் சந்தை விதிகளுக்குள் எப்படி வருகின்றன?" என்பது நல்ல கேள்வி. "காடும் காலநிலையும்" என்பது கேள்வியே இல்லை.

2. ஜூனா, நவம்பரா?

ஆண்டுக்கு இரண்டு முறை கூடுகிறார்கள். ஜூனில் ஜெர்மனியின் பான் நகரில் துணை அமைப்புகளின் (பெரிய மாநாட்டுக்கு முன்வேலை செய்யும் குழுக்களின்) கூட்டம், ஏறக்குறைய இரண்டு வாரம். ஆண்டுக் கடைசியில், பெரும்பாலும் நவம்பரில், ஆண்டுக்கொரு நாட்டில் காப் என்று எல்லோரும் சொல்லும் பெரிய மாநாடு.

முதன்முறை என்றால் பான் போங்கள். காப்பில் பல்லாயிரம் பேர், தலைவர்கள் வருகை, பாதுகாப்புக் கெடுபிடி, ஓர் அமைப்புக்கு இத்தனை பேட்ஜ் (உள்ளே நுழைவதற்கான அட்டை) என்ற கோட்டா. பானில் கூட்டம் குறைவு, அறைகள் அருகருகே, பேச்சுவார்த்தையாளர்களே காப்பி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். நுட்பமான வாசகங்களும் அங்கேதான் முதலில் உருவாகின்றன. செலவு விஷயத்தில் கேட்கவே வேண்டாம்: பெலெம் காப்புக்கு விடுதி வாடகை ஏறிய ஏற்றத்தில் ஏழை நாடுகளின் அரசுக் குழுக்களே திணறின, கப்பல்களைக் கொண்டுவந்து தங்கும் அறையாக்கினார்கள்.

3. படிக்க வேண்டிய தாள்கள்

ஒரு மாதம் ஒதுக்குங்கள். தீர்மானங்களின் எண் முறை முதலில் புரிய வேண்டும்: 1/சி.பி.16 என்றால் பதினாறாவது காப்பின் முதல் தீர்மானம். சி.எம்.ஏ. என்று வந்தால் பாரிஸ் ஒப்பந்த நாடுகளின் கூட்டம். இவ்வளவு போதும்.

கான்கூன் தீர்மானம், 1/சி.பி.16, 2010. முழுக்க வேண்டாம். 68 முதல் 79 வரையிலான பத்திகளும் முதல் இணைப்பும் போதும். 70-ஆவது பத்தியில் ஐந்து செயல்கள்: காடழிப்பைக் குறைப்பது, காடு சிதைவதைக் குறைப்பது, காட்டுக் கார்பனைக் காப்பது, காட்டை நீடித்த முறையில் நிர்வகிப்பது, கார்பன் இருப்பைக் கூட்டுவது. 71-இல் ஒரு நாடு செய்து வைத்திருக்க வேண்டிய நான்கு: தேசிய உத்தி, ஒப்பீட்டு அளவு, கண்காணிப்பு முறை, பாதுகாப்புத் தகவல் முறை. இணைப்பில் ஏழு பாதுகாப்பு விதிகள்; பழங்குடி மக்களின் அறிவுக்கும் உரிமைக்கும் மதிப்பு, அவர்களின் முழுமையான பங்கேற்பு, இயற்கைக் காட்டை வேறாக மாற்றக் கூடாது என்பவை அதில்தான் இருக்கின்றன. இந்த ஒன்றரைப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அறையில் "கான்கூன் பாதுகாப்பு விதிகள்" என்று ஒருவர் சொல்லும்போது எந்த எழுத்தின் கீழ் எந்த விதி என்று தெரிந்தால் பாதி வாதம் புரிந்துவிடும்.

வார்சா தொகுப்பு, 9 முதல் 15/சி.பி.19 வரை. இதில் 9 பணம் பற்றியது, 13 ஒப்பீட்டு அளவை எப்படி மதிப்பிடுவது என்பது, 14 கணக்கெடுத்து அறிக்கையிட்டுச் சரிபார்ப்பது. மற்றவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

அப்புறம் உங்கள் நாடு கொடுத்த தாள்கள். ஐ.நா. தளத்தில் ரெட் பிளஸுக்கென்று தனி மேடை இருக்கிறது, அதில் நாடுவாரியாகப் பக்கம் உண்டு. இந்தியா தன் ஒப்பீட்டு அளவை 2018-இல் கொடுத்தது. இலங்கை 2017-இல். ஒப்பீட்டு அளவு என்றால், "முன்பு இவ்வளவு வெளியேறிக்கொண்டிருந்தது" என்று நாடு வைக்கும் கோடு. இனிமேல் அதற்குக் கீழே வந்தால்தான் பலன் கணக்கு. இந்தியாவின் தாளைத் திறந்தால் கணக்கு காடழிப்பில் இல்லை, காட்டை நிர்வகிப்பதில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அமேசான் நாடுகளோடு இந்தியா ஏன் பல இடங்களில் ஒத்துப்போகாது என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம். ஒப்பீட்டு அளவை ஐ.நா. நிபுணர்கள் மதிப்பிட்டு அறிக்கை போடுவார்கள். ஒரு வளர்ந்த நாட்டு நிபுணர், ஒரு வளரும் நாட்டு நிபுணர். வரைவு அறிக்கைக்குப் பன்னிரண்டு வாரம், நாடு பதில் சொல்லப் பன்னிரண்டு வாரம், இறுதி அறிக்கைக்கு நான்கு வாரம் என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். அந்த அறிக்கை வந்துவிட்டால் பணம் வரும் என்று அர்த்தமில்லை. அது நுட்பச் சரிபார்ப்பு, அவ்வளவுதான். பணம் தனி வாசல். பசுமைக் காலநிலை நிதியம் 2017-இல் 50 கோடி டாலரை ஒதுக்கி, டன்னுக்கு 5 டாலர் விலை வைத்தது. அது எட்டு நாடுகளோடு தீர்ந்தது. முதலில் வாங்கியது பிரேசில், 2019-இல், சுமார் 9.6 கோடி டாலர். தனியார் நிறுவனங்கள் விற்கும் காட்டுக் கார்பன் கிரெடிட்டுக்கும் இந்த ஐ.நா. முறைக்கும் நேரடித் தொடர்பில்லை. பக்க நிகழ்ச்சிகளில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

தினசரி நடப்பைத் தெரிந்துகொள்ள எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின் படியுங்கள். வறண்ட நடை, ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பது இருக்கும். வளரும் நாடுகளின் கோணத்துக்கு மலேசியாவிலிருந்து வரும் தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க்கின் குறிப்புகள். போன ஜூன் கூட்டத்தின் இதழ்களை வீட்டிலேயே படித்துவிட்டுப் போனால் பெயர்களும் சுருக்கெழுத்துகளும் பழகிவிடும்.

4. பேட்ஜ்: ஜனவரியிலேயே தொடங்குங்கள்

தனிநபராகப் பதிவு செய்ய வழியே இல்லை. அனுமதி பெற்ற பார்வையாளர் அமைப்பு ஒன்று உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும்.

உங்கள் அமைப்புக்கே அனுமதி வாங்கலாம். கட்டணம் இல்லை. பதிவுச் சான்றிதழ், அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்க விதிகள், லாப நோக்கமற்றது என்பதற்கான சான்று (நம் ஊரில் வருமான வரித் துறையின் வரிவிலக்குப் பதிவு), ஆண்டறிக்கைகள், தணிக்கை செய்த கணக்கு ஆகியவை வேண்டும். பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சான்றளித்து இணையுங்கள். விண்ணப்பத்தைச் செயலகம் பார்த்து, பிறகு காப் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனவே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, முதல் பயணத்துக்கு வேறொருவரின் பேட்ஜைத் தேடுவதே நடைமுறை.

யாரிடம் கேட்பது? அனுமதி பெற்ற அமைப்புகளின் பட்டியல் தளத்தில் நாடுவாரியாக இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் அதில் உண்டு. அவற்றில் பல ஜூன் கூட்டத்துக்கு ஆளே அனுப்புவதில்லை. நீங்கள் யார், எந்தப் பேச்சைப் பின்தொடரப் போகிறீர்கள், திரும்பி வந்து அவர்களுக்கு என்ன எழுதித் தருவீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். 1-ஆம் படியில் சொன்ன கேள்வி கையில் இருந்தால் இந்தக் கடிதம் பத்து நிமிட வேலை. 35 வயதுக்குள் என்றால் யங்கோ என்ற இளைஞர் பிரிவின் வழியாகவும் முயலலாம். பழங்குடி அமைப்புகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. இப்படி மொத்தம் ஒன்பது பிரிவுகள், அதில் ஒன்றில் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வது பின்னால் உதவும்.

பெயர் கொடுக்கும் வேலையை அந்த அமைப்பின் நியமிக்கப்பட்ட தொடர்பாளர் ஒருவரால் மட்டுமே செய்ய முடியும். அங்கேதான் சறுக்கல். பெயர் கொடுப்பது ஒரு கட்டம், அதை உறுதி செய்வது இன்னொரு கட்டம். எனக்குப் பேட்ஜ் தர ஒப்புக்கொண்ட ஓர் அமைப்பில், தொடர்பாளர் பெயரைப் போட்டுவிட்டு உறுதி செய்யாமல் விடுப்பில் போய்விட்டார். கடவுச்சொல் வேறு யாரிடமும் இல்லை. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே "உறுதி செய்தாயிற்றா?" என்று போன் செய்து கேளுங்கள். மின்னஞ்சல் போதாது. உறுதியானதும் ஓர் ஒப்புகைக் கடிதம் வரும். விசாவுக்கும் பானில் பேட்ஜ் வாங்கவும் அதுவே ஆதாரம்.

பேட்ஜ் விற்பனைக்கு இல்லை, பதிவுக் கட்டணமும் இல்லை. பணம் கட்டச் சொல்லியோ, "மாநாட்டு விடுதி ஒதுக்கீடு" என்றோ மின்னஞ்சல் வந்தால் மோசடி.

5. உங்கள் பெயர்

தமிழர்களுக்கு இது தனிப் படியாகவே இருக்க வேண்டும். பதிவுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு இனிஷியல்தான். "கே. முருகன்" என்று போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் "முருகன்" ஒரு கட்டத்திலும் "கருப்பசாமி" இன்னொரு கட்டத்திலும் இருந்தால் பேட்ஜ் கவுண்டரில் நிற்க வைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல், பதிவிலும் விசாவிலும் விமான டிக்கெட்டிலும் போடுங்கள். தொடர்பாளருக்குப் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாமல் பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தையே அனுப்புங்கள்.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால், நேரம் இருக்கும்போதே அப்பா பெயரைச் சேர்த்துப் புதிதாக எடுத்துவிடுவது நல்லது. ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் ஏற்க மறுத்தது. காப் எந்த ஊரில் வரும் என்று யார் கண்டார்?

6. விசா

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு, சிக்கல் என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். ஜூன் என்றால் கோடை விடுமுறைக் கூட்டம். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஒப்புகைக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் நேரத்தை முன்பே பதிவு செய்யுங்கள், கடிதம் வந்ததும் இணைத்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் எடுத்ததாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு, மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், தங்குமிடச் சான்று. விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் திடீரென்று ஒரு லட்சம் வந்து விழுந்தால் சந்தேகப்படுவார்கள். யாராவது பணம் தருகிறார்கள் என்றால் அதைக் கடிதமாகவே இணையுங்கள்.

வெளிநாட்டு அமைப்பு செலவை ஏற்கிறது என்றால் இன்னொரு கவனம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு இல்லாத அமைப்பின் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் வரவே கூடாது. டிக்கெட்டையும் விடுதியையும் அவர்களே நேரடியாகப் பதிவு செய்யட்டும். நீங்கள் அரசு ஊழியர் என்றால் வெளிநாட்டு விருந்தோம்பலுக்கு உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் இதைக் கடைசி வாரத்தில்தான் கேள்விப்படுகிறார்கள்.

7. செலவு

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் போய்வர, முன்கூட்டி எடுத்தால் ஏறக்குறைய எழுபதாயிரம் ரூபாய். தங்க, இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்தால் ஆளுக்கு இரவுக்கு 50 முதல் 70 யூரோ. பானில் கிடைக்காவிட்டால் கொலோனில் தேடுங்கள், ரயிலில் அரை மணி நேரத்துக்குள்தான். விசா, காப்பீடு, உள்ளூர்ப் போக்குவரத்து, சமைத்துச் சாப்பிடும் செலவு எல்லாம் சேர்த்து இரண்டு வாரத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் வைத்துக்கொண்டால் மூச்சுமுட்டாது. ஒரு வாரம் மட்டும் என்றால் இரண்டாவது வாரம் போங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் முதல் வாரத்தையே சொல்வேன். பார்வையாளர்களுக்குக் கதவு திறந்திருப்பது அப்போதுதான்.

ஐ.நா. பயண உதவி நிதி அரசுப் பிரதிநிதிகளுக்கு மட்டும். அதற்கு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஜெர்மனி முழுக்கப் பேருந்து, டிராம், சாதாரண ரயிலுக்கு மாதச் சீட்டு ஒன்று உண்டு, டாய்ச்லாண்ட் டிக்கெட், 2026-இல் 63 யூரோ. அதிவேக ரயிலுக்குச் செல்லாது. அது சந்தா என்பதைக் கவனிக்க வேண்டும்: அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். பான் போய் இறங்கிய அன்றே ரத்து செய்துவிடுங்கள், மாதக் கடைசி வரை செல்லும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ஜூனில் வரும் ஒரு கிறிஸ்தவப் பண்டிகை நாளிலும் அப்படியே. அரிசியும் பருப்பும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

8. அறைக்குள்

மாநாட்டு மையம் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 66-ஆம் எண் வண்டி. பேட்ஜைக் கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாளே வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை காலை வரிசை நீளம். அரசுப் பிரதிநிதிகளுக்கு இளஞ்சிவப்பு, தொண்டு நிறுவனப் பார்வையாளர்களுக்கு மஞ்சள். வாசலில் நிற்கும் காவலர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறார்.

அன்றன்றைய நிகழ்ச்சி காலையில் வரும், ஆனால் அதை நம்பிவிடக் கூடாது. அறையும் நேரமும் திரைகளில் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் பிரிவின் காலைக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்; எந்த அறை திறந்தது, எது மூடியது என்பது அங்கேதான் முதலில் தெரியும்.

கூட்டங்களில் படிநிலை உண்டு. முழு அமர்வு எல்லோருக்கும் திறந்தது, அதில் சுவாரசியம் குறைவு. ஒரு பொருளை மட்டும் எடுத்துப் பேசும் தொடர்புக் குழுவும் திறந்ததே, மூன்றில் ஒரு பங்கு நாடுகள் எதிர்த்தால் மட்டும் மூடுவார்கள். முறைசாராக் கலந்தாய்வு என்பதில் முதல் அமர்வும் கடைசி அமர்வும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் உள்ளவை நாடுகளின் விருப்பம். அதற்கும் கீழே "இன்ஃப்-இன்ஃப்" என்ற ஒன்று, நாடுகள் தங்களுக்குள் உட்கார்ந்து வாசகம் தீட்டும் இடம், நமக்குக் கிடையாது. அந்த நேரத்தில் வாசலுக்கு வெளியே உள்ள நாற்காலியில் உட்காருங்கள். கைப்பேசியோடு வெளியே வருகிற பிரதிநிதிகளின் முகமே பாதிச் செய்தி சொல்லும்.

மேசையில் உட்காராதீர்கள், பெயர்ப்பலகை இல்லாத பின்வரிசை நமக்கு. முறைசாராக் கூட்டத்தில் படம், ஒலிப்பதிவு இரண்டும் கூடாது. பதாகை பிடிப்பது போன்ற எதற்கும் செயலகத்தின் முன் அனுமதி வேண்டும். மீறினால் பேட்ஜைப் பிடுங்கிவிடுவார்கள், உங்களுக்கு அதைக் கொடுத்த அமைப்புக்கும் தலைவலி.

9. வரைவை வாசிப்பது

எல்லாமே இங்கேதான். திரையில் ஒரு வரைவு ஓடும், அதில் சதுர அடைப்புக்குறிகள் நிறைந்திருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒப்புக்கொள்ளப்படாதது. "விருப்பத்தேர்வு 1, 2" என்று பிரித்திருந்தால் எந்தக் குழு எதன் பின்னால் நிற்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஜி77-சீனா (வளரும் நாடுகளின் பெரிய குழு), மழைக்காடு நாடுகளின் கூட்டணி, ஐரோப்பிய ஒன்றியம், சிறுதீவு நாடுகள், ஆப்பிரிக்கக் குழு, ஒத்த கருத்துள்ள வளரும் நாடுகள் (இந்தியா இதில்) ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு நாடு இரண்டு மூன்று குழுவில் இருக்கும் என்பது முதல் நாள் தலையைச் சுற்ற வைக்கும், சரியாகிவிடும்.

வினைச்சொல்லைப் பாருங்கள். துபாய்த் தீர்மானத்தின் 33-ஆவது பத்தி காடழிப்பை 2030-க்குள் நிறுத்துவதன் "முக்கியத்துவத்தை மேலும் வலியுறுத்துகிறது". யாரும் எதுவும் செய்தாக வேண்டும் என்று அதில் இல்லை. அதே தீர்மானத்தின் 28-ஆவது பத்தி, எரிசக்தி பற்றியது, நாடுகளை "அழைக்கிறது". ஒரு படி மேல். "தீர்மானிக்கிறது" என்று வந்தால் அது முடிவு. செயலகத்துக்கு வேலை கொடுக்க "கேட்டுக்கொள்கிறது". "கவனத்தில் கொள்கிறது" என்பது பெரும்பாலும் மரியாதையாக ஒதுக்கி வைப்பது. செய்தித்தாள்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

நிறுத்தக் குறியையும் விடாதீர்கள். 2007 பாலி வாசகத்தில் காடழிப்பைக் குறைப்பதற்கும், காட்டைக் காப்பது, வளர்ப்பது ஆகியவற்றுக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி இருந்தது. பின்னால் வருபவை இரண்டாம் தரம் என்று வாசிக்க அது இடம் கொடுத்தது. காடழிப்பு குறைவாகவும் காடு வளர்ப்பு அதிகமாகவும் காட்டும் இந்தியா போன்ற நாட்டுக்கு அது நஷ்டம். மறு ஆண்டு போலந்தின் போஸ்னானில் அது காற்புள்ளியாக மாறியது, இந்தியா விடாப்பிடியாக நின்றதும் ஒரு காரணம். ரெட் என்ற பெயரோடு பிளஸ் ஒட்டிக்கொண்டதே இந்த வழியில்தான். அதே ஊரில், பழங்குடி "மக்கள்" என்பதைப் பன்மையில் எழுதுவதா ஒருமையில் எழுதுவதா என்றும் பெரும் சண்டை. ஆங்கிலத்தில் 's' என்ற ஒரு கடைசி எழுத்து வந்தால் கூட்டு உரிமை, வராவிட்டால் தனிமனிதர்கள்.

ஒப்புக்கொள்ள முடியாமல் போனால் "விதி 16" என்று அறிவிப்பார்கள். அந்தப் பொருள் அப்படியே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். முதன்முறை கேட்கும்போது தோல்வி மாதிரி இருக்கும். சில சமயம் கெட்ட வாசகத்தைத் தடுக்க ஒரு குழு வேண்டுமென்றே அதைத் தேடிப்போகும்.

10. நாட்டுப் பிரதிநிதிகளிடம் பேசுவது

நடைபாதையில் பிடித்து ஐந்து நிமிடம் காட்டின் பெருமையைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் கையில் இருப்பது தலைநகரில் முடிவான நிலைப்பாடு. அதை அசைக்க வேண்டும் என்றால் மே மாதத்திலேயே சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதியிருக்க வேண்டும்.

அதைவிட நல்ல வழி ஒன்றிருக்கிறது, புதியவர்கள் யாரும் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்துக் கருத்து அனுப்பும்படி நாடுகளையும் பார்வையாளர்களையும் கேட்டிருப்பார்கள். அனுமதி பெற்ற அமைப்பின் வழியாக அனுப்பலாம், செலவில்லை, ஐ.நா. தளத்தில் நிரந்தரமாக இருக்கும். கெடு கூட்டத்துக்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். இரண்டு பக்கம் எழுதினால் போதும்: எந்தப் பத்தி, அதில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும், மாற்றிய வாசகம் இது, காரணம் இது. சத்தியமங்கலத்திலோ நீலகிரியிலோ வனஉரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியும் என்றால், அதை ஒரு பத்தியில் ஆதாரத்தோடு வையுங்கள். பானில் அந்தத் தாளைக் காட்டி "இதை அனுப்பியிருந்தோம்" என்று பேச்சைத் தொடங்கினால் பிரதிநிதி நின்று கேட்பார்.

11. ஜூன் முடிந்ததும்

பானிலிருந்து திரும்பிய கையோடு நவம்பர் காப்புக்கான வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அதற்குப் பெயர் கொடுக்கும் காலம் ஐரோப்பியக் கோடையிலேயே தொடங்கிவிடும், கோட்டாவும் உண்டு. பேட்ஜ் கொடுத்த அமைப்புக்கு வாக்களித்த குறிப்பை ஜூலைக்குள் அனுப்பிவிட்டு, அதே மின்னஞ்சலில் காப்புக்கும் பெயரைக் கேட்டு வையுங்கள். 2026-இல் காப் துருக்கியின் அன்டால்யாவில். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் துருக்கி மின்விசா தருகிறது. ஆனால் ஜூன் கூட்டத்துக்கென்று இரண்டு வாரத்துக்கு மட்டும் குத்தித் தந்த விசா நவம்பரில் உதவாது. ஆகவே பானுக்கு விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசாவைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் துருக்கி விசாவுக்கென்று தனியாக இரண்டு மாதம் ஒதுக்கி வையுங்கள்.